அப்பாவின் குரல், மகளின் தட்டு: நேட்டலி கோல் ஆல்பத்தின் வினைல் மறுவெளியீட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

நாட் கிங் கோல் இறந்தது 1965 பிப்ரவரி 15-ஆம் தேதி. அவர் மகள் நேட்டலி கோல் இறந்தது 2015 டிசம்பர் 31-ஆம் தேதி. ஆனாலும் 2022-இல் இந்த இருவர் குரலும் சேர்ந்த ஓர் இசைத்தட்டு புதிதாக அச்சாகிக் கடைக்கு வந்தது. நேட்டலி தன் அப்பாவின் பாட்டுகளைப் பாடி 1991-இல் வெளியிட்ட 'அன்ஃபர்கெட்டபிள்... வித் லவ்' என்ற ஆல்பத்தின் 30 ஆண்டு நிறைவை ஒட்டி, கிராஃப்ட் ரெக்கார்டிங்ஸ் கொண்டுவந்த இரட்டை வினைல் பதிப்பு அது.

இப்படி ஒரு மறுவெளியீடு வரும்போதெல்லாம் கேட்பவர்களுக்குச் சில கேள்விகள் எழும். பழைய ஆல்பம்தானே, இதில் புதிது என்ன? அப்பா எத்தனை பாட்டில் பாடுகிறார்? சிடியில் இருந்ததைத் தட்டில் போட்டால் என்ன மாறும்? கொடுக்கும் பணம் யாருக்குப் போகிறது?

இந்தத் தட்டில் நான்கு வேறு வேறு ஆண்டுகளின் வேலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கிறது. பாட்டு 1951-இல் வெளிவந்தது. அப்பாவின் குரல் 1961-இல் பதிவானது. ஆல்பம் 1991-ஐச் சேர்ந்தது. அச்சு 2022-ஐச் சேர்ந்தது. எந்தக் கேள்வி எந்த அடுக்கைப் பற்றியது என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

## அப்பா யார், மகள் ஏன் தயங்கினார்?

நாட் கிங் கோல் 1919-இல் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் பிறந்தவர். பாடகராக உலகம் அவரை அறிவதற்கு முன்பே தேர்ந்த ஜாஸ் பியானோ கலைஞர். பியானோ, கிடார், பாஸ் மூன்றும் மட்டும், டிரம்ஸ் இல்லாமல் அவர் நடத்திய மூவர் குழு பிறகு வந்த பல குழுக்களுக்கு முன்மாதிரி ஆனது. 1940-களிலும் 50-களிலும் கேபிடல் நிறுவனத்துக்கு அவர் தட்டுகள் எவ்வளவு விற்றன என்றால், ஹாலிவுட்டில் அந்த நிறுவனம் கட்டிய வட்டக் கோபுரத்துக்கு 'நாட் கட்டிய வீடு' என்றே பெயர் நிலைத்தது. அதே மனிதர் 1956-இல் பர்மிங்ஹாமில் மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது வெள்ளையின வெறியர்களால் தாக்கப்பட்டார். அதே ஆண்டு தொடங்கிய அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவரும் முன்வராததால், அது 1957 முடிவோடு நின்றது. அந்த மென்மையான குரலுக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது. நுரையீரல் புற்றுநோயால் அவர் இறந்தபோது வயது 45. நேட்டலிக்குப் 15.

மகள் 1975-இல் முதல் ஆல்பத்தோடு வந்தார். அப்பாவின் பாணியிலிருந்து முற்றிலும் விலகிய ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகள். சிறந்த புதுமுகத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அப்பாவின் பாட்டுகளை வைத்து ஓர் ஆல்பம் செய்வதைத் தவிர்த்தே வந்தார். அதை நான் பிடிவாதமாகப் பார்க்கவில்லை. புகழ்பெற்ற இசைக்கலைஞரின் பிள்ளை முதல் ஆல்பத்திலேயே அப்பாவைப் பாடினால் ஊர் அதை வாரிசுச் சலுகை என்றுதான் சொல்லும். தனக்கென்று பெயர் வாங்கி, போதைப் பழக்கத்தில் விழுந்து, சிகிச்சை பெற்று மீண்டு, 41 வயதில் பாடியதால்தான் 1991 ஆல்பத்துக்கு அந்த முதிர்ச்சி வந்தது.

22 டிராக்குகள். தயாரிப்பு மூவர்: அப்போது நேட்டலியின் கணவராக இருந்த ஆண்ட்ரே ஃபிஷர், டாமி லிபூமா, டேவிட் ஃபாஸ்டர். வெளியிட்டது எலெக்ட்ரா. அமெரிக்க ஆல்பப் பட்டியலில் முதலிடம். அமெரிக்காவில் மட்டும் 70 லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினச் சான்று. 1992 பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம், சிறந்த ஒலிப்பதிவு, சிறந்த பாட்டு மூன்றையும் அள்ளியது. சிறந்த பாட்டுக்கான விருது பாட்டை எழுதியவருக்குச் சேரும். ஆகவே 1951-இல் வெளிவந்த பாட்டுக்காக இர்விங் கார்டன் 77 வயதில் மேடையேறினார். நாற்பது ஆண்டுப் பழைய பாட்டுக்கு இந்த ஆண்டின் விருதா என்று அப்போதே சிலர் முணுமுணுத்தார்கள். அடுக்குகளைக் குழப்பிக்கொள்வது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

## அப்பாவின் குரல் எத்தனை பாட்டில்?

ஒன்றில்தான். 21 டிராக்குகளில் நேட்டலி மட்டுமே பாடுகிறார். பாட்டுகள் அப்பாவுடையவை, குரல் மகளுடையது. கடைசி டிராக்கான 'அன்ஃபர்கெட்டபிள்' மட்டும் டூயட். ஆல்பம் முழுக்க இருவரும் சேர்ந்து பாடுவதாக நினைத்து வாங்குபவர்கள் இன்றும் உண்டு.

அந்த ஒரு டூயட்டை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் இந்த ஆல்பத்தின் கதையிலேயே சுவையான பகுதி. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. நாட் கிங் கோல் இந்தப் பாட்டை 1951-இல் நெல்சன் ரிடிலின் இசை அமைப்பில் பாடினார். அது மோனோ காலம். குரலும் இசைக்குழுவும் ஒன்றாகக் கலந்து நாடாவின் ஒரே டிராக்கில், அதாவது ஒரே ஒலித்தடத்தில், பதிந்தன. அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாததுபோல, அதிலிருந்து குரலைத் தனியே எடுக்க அன்றைய தொழில்நுட்பத்தில் வழியில்லை.

2. தன் பழைய வெற்றிப் பாட்டுகளை ஸ்டீரியோவில் மறுபடியும் பாடி 1961-இல் அவர் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதில் இந்தப் பாட்டும் இருந்தது. அந்தக் காலப் பெரிய ஸ்டுடியோக்களில் மூன்று டிராக் நாடா வழக்கத்தில் இருந்தது. இரண்டு ஓரங்களில் இசைக்குழு, நடுவில் பாடகர். டூயட்டுக்குப் பிடி கிடைத்தது இங்கேதான்.

3. அப்படியும் குரல் முழுத் தனிமையில் இருப்பதில்லை. பாடகரும் வயலின்காரர்களும் ஒரே கூடத்தில் இருந்தபடி பாடி வாசித்த காலம் அது. பாடகரின் மைக்கில் இசைக்குழுவின் சத்தமும் லேசாகக் கசிந்திருக்கும். அந்தக் கசிவைப் பொருத்தமான இசையால் மூடவேண்டும், அல்லது அதோடு ஒத்துப்போக வேண்டும்.

4. வழக்கமாக இசைக்குழுவின் வேகத்துக்குப் பாடகர் பாடுவார். பாடகர் கொஞ்சம் இழுத்தால் குழு காத்திருக்கும். இங்கே தலைகீழ். 1961-இல் பாடி முடித்தவர் இனி யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். அவர் எங்கே மூச்சு விட்டாரோ, எந்தச் சொல்லை அரை நொடி தள்ளிப் பிடித்தாரோ, அதற்கெல்லாம் 1991-இன் இசைக்கலைஞர்கள் தங்களை ஒப்புக்கொடுக்க வேண்டும்.

5. சுருதியும் அவருடையதே. ஆண் குரலுக்கு வசதியான சுருதியில் பெண் குரல் பாட வேண்டும். அவர் விட்ட இடைவெளிகளில் தன் வரியைப் பொருத்த வேண்டும். சில வரிகளில் இருவரும் சேர்ந்தே பாட வேண்டும்.

ஆண்டின் சிறந்த பாட்டு, சிறந்த ஒலிப்பதிவு என்ற பெரிய விருதுகள் போக, குரலுக்குத் துணையான இசை அமைப்புக்காக ஜானி மண்டேலுக்கும், ஒலிப்பொறியியலுக்காக ஆல் ஷ்மிட் உள்ளிட்ட குழுவினருக்கும் கிராமி கிடைத்தது. இந்த இரண்டு விருதுகளையும்தான் நான் இந்த ஆல்பத்தின் மிகத் தகுதியான விருதுகள் என்பேன். கேட்கும்போது ஒட்டுப்போட்ட தையல் எங்கும் தெரிவதில்லை.

இறந்தவரோடு பாடிய முதல் பிள்ளை நேட்டலி இல்லை. 1953-இல் இறந்த நாட்டுப்புறப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் பழைய பதிவு ஒன்றோடு சேர்ந்து அவர் மகன் ஹாங்க் வில்லியம்ஸ் ஜூனியர் 1989-இலேயே ஒரு டூயட் வெளியிட்டு, அதற்கும் கிராமி கிடைத்தது. ஆனால் அந்த யோசனையை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது நேட்டலியின் பாட்டுதான்.

## மறுவெளியீடு, ரீமாஸ்டர், ரீமிக்ஸ்

இந்த மூன்று சொற்களையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடுகிறார்கள். அர்த்தம் வேறு வேறு.

1. மறுவெளியீடு: ஏற்கெனவே வந்த ஆல்பத்தை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவருவது. ஒலியில் ஏதாவது மாறியிருக்கிறது என்று இந்தச் சொல் சொல்லவில்லை.

2. ரீமாஸ்டர்: எல்லா டிராக்குகளையும் கலந்து முடித்த இறுதி நாடாவை எடுத்து, ஒட்டுமொத்த ஒலி அளவு, கனம், கூர்மை ஆகியவற்றைச் சீர்செய்வது. வரைந்து முடித்த ஓவியத்தைத் துடைத்துச் சட்டம் மாற்றுவது போன்றது.

3. ரீமிக்ஸ்: குரல், வயலின், பாஸ் என்று தனித்தனி டிராக்குகளுக்கே திரும்பிப் போய் மறுபடி கலப்பது. தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு, பழைய பாட்டில் புது டிரம்ஸ் சேர்ப்பது என்ற பொருள் பழகிவிட்டது. ஸ்டுடியோ வழக்கில் அதன் பொருள் இவ்வளவுதான்.

ஒரு பழைய ஆல்பம் தட்டாக வரும்போது குறைந்தது வினைலுக்கென்று தனி மாஸ்டர் (தட்டு வெட்டுவதற்கு மூலமாக வைக்கும், சீர்செய்து முடித்த ஒலிவடிவம்) ஒன்று தேவைப்படும். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

## சிடிக்காகப் பிறந்ததைத் தட்டில் ஏற்றுவது

1991 சிடியின் பொற்காலம். ஒரு சிடியில் 74 நிமிடம் வரை கொள்ளும் என்பதால் கலைஞர்கள் அந்த இடத்தை நிரப்பத் தொடங்கியிருந்தார்கள். இந்த ஆல்பமும் 70 நிமிடத்தைத் தாண்டும். தட்டின் ஒரு பக்கத்தில் நல்ல தரத்தோடு கொள்வது சுமார் 20 நிமிடம். கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கம் போதாது, மூன்றும் போதாது. அதனால்தான் இரண்டு தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்குச் சுமார் 18 நிமிடம். விலையை ஏற்றுவதற்காக இரண்டாகப் பிரித்தார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். காரணம் இயற்பியல்.

தட்டில் ஒலி என்பது ஒரு பள்ளம். சுருளாக உள்நோக்கிப் போகும் மெல்லிய பள்ளத்தின் சுவர்கள் இசைக்கு ஏற்ப வளைந்து நெளியும். ஊசி அந்த நெளிவைப் பின்தொடர்ந்து அதிரும். இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

முதலாவது, கனமான ஒலிக்கு அகலமான நெளிவு வேண்டும். பாஸை அப்படியே வெட்டினால் பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடும். அதனால் வெட்டும்போதே பாஸைக் குறைத்து, கூர்மையான ஒலிகளைக் கூட்டி வெட்டுகிறார்கள். வீட்டில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் அதைத் தலைகீழாகத் திருப்பிச் சமன் செய்கிறது. எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதற்கு அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 1954-இல் ஒரு பொது அளவை வகுத்தது. இன்றும் அதுவே. இதற்கான ஃபோனோ உள்ளீடு இல்லாத ஆம்ப்ளிஃபயரில் தட்டுச் சுழலியை நேராக இணைத்தால் ஒலி மெலிந்து, தகர டப்பாவிலிருந்து வருவதுபோல் கேட்பது இதனால்தான். தட்டு கெட்டுப்போயிற்று என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.

இரண்டாவது, 'ஸ', 'ஷ' போன்ற சீறும் ஒலிகள். பாடகர் மைக்குக்கு நெருக்கமாக நின்று பாடும் ஆல்பங்களில் இவை துல்லியமாகப் பதிந்திருக்கும். சிடிக்கு அது தொந்தரவில்லை. ஊசிக்கு அது மிக நுண்ணிய, மிக வேகமான நெளிவு. பின்தொடர முடியாமல் ஊசி தடுமாறும்போது 'ஸ்' என்பது கரகரப்பாகக் கேட்கும். நேட்டலியின் குரல்தான் இந்த ஆல்பத்தின் உயிர் என்பதால், வினைலுக்கு மாஸ்டர் செய்பவரின் பாதிக் கவனம் இந்த எழுத்துகளின் மேலேயே இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பலர் யோசிக்காதது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற மாறாத வேகத்தில் சுழல்கிறது. ஆனால் வெளி ஓரத்தில் வட்டம் பெரியது, மையத்துக்கு அருகில் சிறியது. கணக்குப் போட்டால் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. பக்கம் முடியும் இடத்தில் சுமார் 21 சென்டிமீட்டர்தான். அதே ஒரு நொடி இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் ஒலி கொஞ்சம் மங்குவது இதனால்.

இந்த ஆல்பத்தில் கடைசிப் பாட்டு எது? டூயட். எல்லாரும் தேடி வாங்கும் அந்த ஒரு பாட்டு, சிடி வரிசையை மாற்றாமல் வைத்தால் நான்காம் பக்கத்தின் கடைசியில், பள்ளம் மிகவும் நெருங்கிய இடத்தில் போய் உட்கார்கிறது. நல்லவேளையாக அது மெதுவான, மென்மையான பாட்டு. உரத்த பித்தளைக் கருவிகள் முழங்கும் பாட்டாக இருந்தால் சேதம் அதிகம் தெரிந்திருக்கும். பக்கத்துக்கு 18 நிமிடத்தோடு நிறுத்துவதும் உதவும்: நிமிடம் குறைந்தால் பள்ளம் மையத்துக்கு அவ்வளவு அருகில் போக வேண்டியதில்லை. இதே ஆல்பத்தைச் சிக்கனம் பார்த்து ஒன்றரைத் தட்டில் அடைத்திருந்தால் முதல் அடி அப்பாவின் குரலுக்கே விழுந்திருக்கும்.

வெட்டுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலுமினியத் தகட்டின் மேல் அரக்கு போன்ற பூச்சு பூசிய தட்டில் முதல் பள்ளத்தை வெட்டுகிறார்கள். அதன்மேல் நிக்கல் முலாம் ஏற்றி உரித்தால் பள்ளத்துக்குப் பதில் மேடு உள்ள எதிர்வார்ப்பு கிடைக்கும். தொழிற்சாலை வழக்கில் அதன் பெயர் 'தந்தை'. அதிலிருந்து எடுப்பது 'தாய்'. தாயிலிருந்து எடுப்பது ஸ்டாம்பர். ஸ்டாம்பரின் அழுத்தத்தில்தான் சூடான பி.வி.சி. உருண்டை தட்டாகிறது. ஸ்டாம்பர் தேயும், தேய்ந்தால் தாயிடமிருந்து புதிது எடுப்பார்கள்.

## 180 கிராம், அசல் நாடா

மறுவெளியீட்டு அட்டைகளில் அடிக்கடி தென்படும் சொற்கள் இவை.

எடை பற்றிச் சுருக்கமாக: சாதாரணத் தட்டு 120 முதல் 140 கிராம் இருக்கும். 180 கிராம் தட்டு உறுதியானது, எளிதில் வளையாது. பள்ளத்தின் ஆழமும் வடிவமும் இரண்டிலும் ஒன்றுதான். கனமான தட்டு என்பதால் மட்டும் ஒலி உயராது.

'அசல் நாடாவிலிருந்து' என்பதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். அசல் நாடாவிலிருந்து நேரே வெட்டும் இயந்திரத்துக்குப் போனதா, அல்லது அசல் நாடாவைக் கணினியில் ஏற்றி, அந்தக் கோப்பிலிருந்து வெட்டினார்களா? இரண்டையுமே 'அசல் நாடாவிலிருந்து' என்று சொல்லலாம். மொபைல் ஃபிடெலிட்டி என்ற பேர்பெற்ற அமெரிக்க மறுவெளியீட்டு நிறுவனம், தன் தட்டுகளின் தயாரிப்பில் பல ஆண்டுகளாக டிஜிட்டல் படி ஒன்று இருந்ததை 2022 ஜூலையில் ஒப்புக்கொண்டபோது ரசிகர்களிடையே பெரும் கொந்தளிப்பு. வழக்கு வரை போனது. அந்தத் தட்டுகளின் ஒலியைப் பலர் அதுவரை மெச்சிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிஜிட்டல் படி இருப்பது குற்றமில்லை, அதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு என்பது என் கருத்து.

## பணம் யாருக்கு?

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் உண்டு. பாட்டு என்பது மெட்டும் வரிகளும். அது எழுதியவருக்கும் அவருடைய பதிப்பாளருக்கும் உரியது. ஒலிப்பதிவு என்பது அந்தப் பாட்டைக் குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட நாளில் பாடிப் பதித்தது. அது பெரும்பாலும் இசை நிறுவனத்துக்கு உரியது. இளையராஜா பாட்டுகள் பற்றிய வழக்குகளைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இந்தப் பிரிவு புதிதாக இருக்காது.

இப்போது இந்த ஆல்பத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

1. அமெரிக்காவில் ஒரு பாட்டு ஒருமுறை தட்டாக வெளிவந்துவிட்டால், அதை வேறு யாரும் பாடிப் பதிவிட்டு வெளியிடலாம். எழுதியவரின் சம்மதம் தேவையில்லை. சட்டம் வகுத்த தொகையைப் பிரதிக்கு இவ்வளவு என்று கட்டினால் போதும். ஆகவே 21 டிராக்குகளை நேட்டலி பாட யாரும் தடை போட்டிருக்க முடியாது. அப்பா பாடிய பாட்டு என்பதால் மகளுக்குத் தனி உரிமையும் கிடையாது. உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே உரிமைதான்.

2. 2022-இல் அந்தத் தொகை ஒரு பாட்டுக்கு 9.1 சென்ட். 2006-இலிருந்து மாறாமல் கிடந்து, 2023-இல்தான் 12 சென்ட் ஆனது. ஆல்பத்தில் 22 டிராக் இருந்தாலும் ஒன்று மூன்று பாட்டுகளின் கோவை என்பதால் மொத்தம் 24 பாட்டு. அதில் 1920-இல் வெளியான 'அவலான்' அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் முடிந்து பொதுச்சொத்தாகிவிட்டது. மீதி 23-ஐ 9.1 ஆல் பெருக்கினால் ஒரு பிரதிக்குச் சுமார் 2 டாலர் 9 சென்ட். இது சட்டத்தின் அடிப்படை விகிதம்; 5 நிமிடத்தைத் தாண்டும் பாட்டுக்குக் கொஞ்சம் கூடும், பேரம் பேசிக் குறைப்பதும் உண்டு. நேட்டலி இதில் ஒரு பாட்டையும் எழுதவில்லை. அப்பாவும் பெரும்பாலானவற்றை எழுதியவர் இல்லை, பாடியவர். இந்தப் பங்கில் மிகப் பெரும் பகுதி கோல் குடும்பத்துக்கு வெளியே போகிறது.

3. 22-ஆவது டிராக்கின் கதை வேறு. அங்கே 1961-இன் ஒலிப்பதிவையே எடுத்து ஆண்டிருக்கிறார்கள். பாட்டுக்கு உள்ளதுபோல் சம்மதம் கேட்காமலே பணம் கட்டிப் பெறும் கட்டாய உரிமம் ஒலிப்பதிவுக்குக் கிடையாது. உரிமையாளர் சம்மதித்தால்தான் ஆயிற்று. உரிமையாளர் கேபிடல். நேட்டலியின் ஆல்பத்தை வெளியிட்டது வேறு குழுமத்தின் எலெக்ட்ரா. பெற்ற மகளே ஆனாலும் அப்பாவின் குரலைப் பயன்படுத்த, அது யாருடைய சொத்தோ அவர்களிடம் போய்க் கேட்க வேண்டியதுதான்.

4. அதன்பின் உரிமைகள் கைமாறின. கேபிடலின் தாய் நிறுவனமான இ.எம்.ஐ.யின் ஒலிப்பதிவுப் பிரிவு 2012-இல் யுனிவர்சல் குழுமத்துக்குப் போனது. நேட்டலி ஆல்பத்தின் மறுவெளியீடு, பழைய ஆல்பங்களுக்கென்று கான்கார்ட் நிறுவனம் நடத்தும் கிராஃப்ட் பெயரில் வந்தது. 1991-இன் எலெக்ட்ரா முத்திரையைத் தேடினால் புதுப் பதிப்பின் வெளியீட்டாளராக வேறு பெயர் இருப்பது இதனால்தான். அதைப் போலிப் பதிப்பு என்று நினைக்க வேண்டாம்.

5. எத்தனை காலம்? 1972 பிப்ரவரிக்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்கா 2018-இல் தனியே சட்டம் செய்தது. அதன்படி 1961 பதிவின் பாதுகாப்பு 2067 பிப்ரவரி 15 வரை. நாட் இறந்து சரியாக 102 ஆண்டு முடியும் நாள் அது. தற்செயல்தான், ஆனாலும் மனதில் நிற்கிறது. இந்தியச் சட்டம் ஒலிப்பதிவுக்குத் தருவது, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. அந்தக் கணக்கில் 1961 பதிவின் காலம் 2021-ஓடு முடிகிறது. பாட்டுக்கு அப்படியில்லை, எழுதியவர் இறந்த பின்னும் 60 ஆண்டு. இர்விங் கார்டன் 1996-இல் இறந்ததால் 2056 முடியும் வரை அது உயிரோடு இருக்கும். ஆகவே இந்தியாவில் அந்தப் பழைய பதிவை எடுத்து இலவசமாகக் கையாளலாம் என்று யாராவது சொன்னால், பாதிதான் சரி.

## ஏன் இப்போது தட்டு?

அமெரிக்காவில் 2022-இல் வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் சிடியை முந்தின: சுமார் 4 கோடியே 10 லட்சம் தட்டு, 3 கோடியே 30 லட்சம் சிடி. 1987-க்குப் பிறகு இது முதல் தடவை. நிறுவனங்கள் பழைய பெட்டகங்களைத் திறப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். சிடி காலத்தில் வந்து தட்டாகப் பரவாமல் போன ஆல்பங்களுக்கு இப்போது தனி மதிப்பு.

தேவை பெருகிய அதே வேளையில் அச்சுக்கூடங்கள் நெருக்கடியில் இருந்தன. முதல் பள்ளம் வெட்டும் பூச்சுத் தட்டைத் தயாரித்த நிறுவனங்கள் உலகிலேயே இரண்டுதான். அதில் ஒன்றான அப்பல்லோ மாஸ்டர்ஸின் கலிஃபோர்னியா ஆலை 2020 பிப்ரவரி 6-ஆம் தேதி தீயில் அழிந்தது. உயிரோடு இருந்திருந்தால் நேட்டலி 70 வயதை எட்டியிருக்கும் நாள் அது. மீதி இருந்தது ஜப்பானில் உள்ள ஒன்று. கோவிட் காலமும் சேர்ந்துகொள்ள, தட்டு அச்சடிக்கப் பல மாதம் வரிசையில் நிற்க வேண்டிய நிலை வந்தது. ஆண்டு நிறைவுப் பதிப்புகள் பல அந்த ஆண்டு முடிந்து, அடுத்த ஆண்டு வந்ததற்கு இந்தச் சூழலை நினைவில் வைப்பது நல்லது. 1991-இன் 30 ஆண்டு நிறைவு 2021 என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

## இது செயற்கை நுண்ணறிவுக் குரலா?

இல்லை. இந்தக் கேள்வி இப்போது எழுவது இயல்பு. 2024-இல் 'லால் சலாம்' படப் பாட்டு ஒன்றில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார்; குடும்பங்களின் சம்மதம் பெற்று ஊதியமும் தந்ததாகச் சொன்னார். அதே ஆண்டு யுவன் சங்கர் ராஜா, மறைந்த தன் அக்கா பவதாரிணியின் குரலை அதே வழியில் ஒரு படப் பாட்டில் ஒலிக்கச் செய்தார். சம்மதம் இல்லாமல் குரலைப் போலிசெய்ததாக எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குடும்பத்தார் தெலுங்குப் படக்குழு ஒன்றுக்கு நோட்டீஸ் அனுப்பியதும் அப்போதுதான்.

1991 டூயட்டோடு இவற்றை ஒரே தட்டில் வைக்க முடியாது. நாட் கிங் கோல் அந்தப் பாட்டை உண்மையிலேயே பாடினார். ஒவ்வொரு எழுத்தும் அவர் நெஞ்சிலிருந்து வந்த மூச்சு. வெட்டி ஒட்டியது மட்டுமே பிறர் செய்தது. செயற்கை நுண்ணறிவில் அவர் வாழ்நாளில் பாடாத பாட்டையும் பாட வைக்கலாம். 1991-இல் கேட்க வேண்டியது ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் அனுமதி; இப்போது கேட்க வேண்டியது அந்த மனிதரின் குரலுக்கே உரிமையாளர் யார் என்பது. கலிஃபோர்னியா 2024-இல் நிறைவேற்றிய சட்டம், இறந்த கலைஞரின் குரலை டிஜிட்டலில் உருவாக்கிப் பயன்படுத்த அவருடைய வாரிசுகளின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஒன்று மட்டும் இரண்டு காலத்துக்கும் பொது: நேட்டலிக்கும் யுவனுக்கும் அது பெற்றவரின், கூடப்பிறந்தவரின் குரல். பாட்டில் கேட்கும் அந்த நெகிழ்ச்சியைத் தொழில்நுட்பம் தரவில்லை.

## வாங்குவதற்கு முன்

1. பின்னட்டையில் மாஸ்டர் செய்தவர், வெட்டியவர் பெயர்கள் உள்ளனவா என்று பாருங்கள். பெயர் போட்டிருந்தால் பொறுப்பும் ஏற்றிருக்கிறார்கள்.

2. தட்டின் கடைசிப் பள்ளத்துக்கும் நடுத்தாளுக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தில் வெட்டியவர் கையெழுத்தோ குறியீடோ கீறியிருக்கும். பழைய தட்டு வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று உறுதிசெய்ய அட்டையைவிட இதுவே நம்பகமானது.

3. சிடி கைவசம் இருந்து, நல்ல ஸ்பீக்கரில் கேட்கிறவர் என்றால், தட்டில் புதிதாக எந்தப் பாட்டும் கிடைக்காது. கிடைப்பது வேறு மாஸ்டர், பெரிய அட்டை, 18 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பக்கம் மாற்றும் பழக்கம்.

4. தட்டு வந்ததும் நான்காம் பக்கத்தின் கடைசிப் பாட்டை முதலில் போட்டுப் பாருங்கள். ஊசி, அச்சு, மாஸ்டர் மூன்றில் எதில் குறை இருந்தாலும் முதலில் தெரிவது அங்கேதான். 'ஸ்' ஒலி கரகரக்காமல், அப்பாவின் வரி முடிந்து மகளின் வரி தொடங்கும் அந்த இடைவெளி அமைதியாக இருந்தால், உங்கள் கையில் இருப்பது நல்ல பிரதி.